திண்ணையிலிருந்து அரைச்சுவர்வரை: வகுப்பறையைக் காணும் உரிமை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

பிள்ளை கற்கும் வகுப்பறையினுட் பெற்றார் சென்றமர்ந்து கற்பித்தலைப் பார்வையிட அனுமதிக்கப்படலாமா என்னும் வினா, மேலோட்டமாக நோக்குவோர்க்குப் பாடசாலை நிருவாகஞ் சார்ந்த ஒரு சிறு பிரச்சினையாகவே தோன்றும். அதிபரின் அனுமதி, ஆசிரியரின் வசதி, நேரசூசி என்பவற்றோடு அது முடிந்துவிடுமெனக் கருதுவோரும் உளர். ஆயின், எமது நாட்டின் கல்வி வரலாற்றைச் சற்று ஊன்றி நோக்குவோமாயின், இவ்வினா மிகப் பழையதென்பதும், காலத்துக்குக் காலம் இதற்கு வெவ்வேறு விடைகள் கிடைத்துள்ளன என்பதும் புலனாகும். அவ்விடைகள் ஒவ்வொன்றும் ‘பாடசாலை யாருக்குரியது’ என்னும் பெருவினாவுக்கு அக்காலச் சமுதாயம் அளித்த விடையாகவும் அமைந்திருந்தன. வகுப்பறையைக் காணும் உரிமை கைமாறிய வரலாற்றைச் சுருக்கமாக நோக்கி, அதிலிருந்து இன்றைக்குக் கொள்ளத்தக்கது யாதென ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திண்ணை

எமது மூதாதையர் கற்ற திண்ணைப் பள்ளிக்குக் கதவு இருக்கவில்லை. வீட்டுத் திண்ணையிலோ, கோயில் மடத்திலோ, மரநிழலிலோ சட்டம்பியார் அமர்ந்திருப்பார். பிள்ளைகள் மணலில் விரலால் எழுதியும், ஏட்டை உரத்துப் படித்தும், எண்சுவடியை ஒருமித்து ஒப்புவித்தும் கற்றனர். தெருவாற் போவோர் அனைவர்க்கும் பாடம் கேட்டது. பார்க்க விரும்பினார்க்குத் தெரிந்தது. இவ்வெளிப்படையான தன்மைக்கு வரலாற்றில் ஒரு சான்று உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிற் சென்னை எழும்பூரிற் படைவீரரின் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியை நடாத்திய அந்திரு பெல் என்பார், உள்ளூர்ப் பள்ளியொன்றைக் கடந்து சென்றவிடத்துப் பிள்ளைகள் மணலில் எழுதிக் கற்பதைக் கண்டார். அதனைத் தம் பள்ளியிற் கையாண்டு, மூத்த மாணாக்கர் இளையோர்க்குக் கற்பிக்கும் முறையோடு இணைத்து, 1797ஆம் ஆண்டில் இலண்டனில் நூலாக வெளியிட்டார். இங்கிலாந்திற் பெரிதும் பரவிய ‘மதராசு முறை’ இவ்வாறு தோன்றியதே. கதவடைத்த பள்ளியாயின், வழிப்போக்கரொருவர் அதனைக் கண்டிருத்தல் இயலாது.

திண்ணைப் பள்ளியின் வெளிப்படையான தன்மைக்கு அதன் பொருளாதார அமைப்பும் காரணமாயிற்று. சட்டம்பியாரின் சீவனம் பெற்றார் கொடுக்கும் நெல்லிலும் காசிலும் தங்கியிருந்தது. சென்னை மாகாண ஆளுநராயிருந்த தோமசு மன்றோ 1822ஆம் ஆண்டிற் கட்டளையிட்டு நடாத்துவித்த கணக்கெடுப்பு, அம்மாகாணத்தில் 12,498 பள்ளிகளைக் கண்டது. அவற்றுட் பெரும்பாலானவை பெற்றாரின் கொடையிலேயே நடந்துவந்தன. கடலின் இப்பாலும் நிலைமை பெரிதும் வேறுபட்டதன்று. கூலி கொடுப்போன் வேலையைப் பார்ப்பது எவ்வாறு இயல்போ, அவ்வாறே பெற்றார் பாடத்தைப் பார்ப்பதும் இயல்பாயிற்று. உரிமையென்று அதனைக் கோரவேண்டிய தேவை எவர்க்கும் எழவில்லை.

இதனைக் கொண்டு திண்ணையை ஒரு பொற்காலமாகக் கொள்ளுதல் தவறாகும். பிள்ளையைக் கோதண்டத்திலேற்றும் கொடிய தண்டனைகள் அங்கே அனைவரும் பார்க்கவே வழங்கப்பட்டன. ‘கண்ணை விட்டுவிட்டுத் தோலை உரியுங்கள்’ என்று பெற்றாரே சொல்லிப் பிள்ளையை ஒப்படைத்தமை இன்றும் முதியோர் வாயிற் கேட்கும் செய்தியாகும். பார்வை இருந்தது, அது பிள்ளையைக் காக்கவில்லை. மேலும், அத்திண்ணையிலே ஏறும் உரிமை எல்லாச் சாதியார்க்கும் இருக்கவில்லை. தெருவிலிருந்து பார்த்தோர் அனைவரும் உள்ளே தம் பிள்ளையைக் கண்டவர்களல்லர்.

சுவர்

1816ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிசனரிமார் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் தம் பணியைத் தொடங்கினர். 1823ஆம் ஆண்டில் வட்டுக்கோட்டைச் செமினரியும், 1824ஆம் ஆண்டில் உடுவிற் பெண்கள் விடுதிப் பாடசாலையும் தோன்றின. விடுதி முறையை அவர்கள் விரும்பியமைக்கு ஒரு வெளிப்படையான காரணம் இருந்தது. பிள்ளையை வீட்டின் சூழலிலிருந்தும், அவ்வீட்டின் சமயத்திலிருந்தும் பிரித்தெடுத்தாலன்றித் தாம் கருதிய மாற்றம் நிகழாதென அவர்கள் நம்பினர். எனவே பெற்றாரின் பார்வை எட்டாமை அக்கல்வி முறையின் தற்செயலான விளைவன்று. அதன் அடிப்படைகளுள் ஒன்றாகும்.

பெற்றாரிடமிருந்து மறைந்த வகுப்பறை வேறொருவர்க்கு வெளிப்பட்டது என்பது இங்கு கவனித்தற்குரியது. விடுதிப் பிள்ளைகளின் உணவுக்கும் உடைக்கும் அமெரிக்காவிலிருந்த கொடையாளர் பணம் அனுப்பினர். பல பிள்ளைகளுக்கு அக்கொடையாளரின் பெயர்களே இடப்பட்டன. கறோல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை என எமது அறிஞர் பெயர்களின் முன்னே நிற்கும் அந்நியச் சொற்கள் அம்மரபின் எச்சங்களாகும். பிள்ளையின் படிப்பும் ஒழுக்கமும் பற்றிய அறிக்கைகள் ஆண்டுதோறும் கடல்கடந்து சென்றன. வட்டுக்கோட்டையிலுள்ள தாய்க்குத் தெரியாத வகுப்பறைச் செய்தி, பல்லாயிரம் மைலுக்கப்பாலிருந்த கொடையாளர்க்குத் தெரிந்தது. பணம் எங்கிருந்து வந்ததோ, பார்வையும் அங்கிருந்தே வந்தது. திண்ணையில் நிலவிய விதி மாறவில்லை. பணம் தருவோரே மாறினர்.

1848ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய ஆறுமுக நாவலர், மிசன் பாடசாலைகளுக்கு எதிராகவே அதனை எழுப்பினார் என்பது யாவரும் அறிந்ததே. அவரது முயற்சியின் பின்னே நின்ற அச்சங்களுள் ஒன்று, பெற்றார் காணாத இடத்திற் பிள்ளை என்னவாக மாற்றப்படுகின்றான் என்பதாகும். ஆயினும், நாவலர் திண்ணைக்குத் திரும்பிச் செல்லவில்லை. வகுப்புப் பிரிப்பு, அச்சிட்ட பாலபாடம், ஒழுங்கான கால அட்டவணை ஆகிய புதிய முறைகளையே தமதாக்கிக்கொண்டார். பெற்றாரின் நேரடிப் பார்வையை மீட்பதன்றி, அவர்கள் பாராமலே நம்பத்தக்க பாடசாலையை அமைப்பதே அவர் கண்ட வழியாயிற்று. சைவப் பாடசாலையும் சுவர் கொண்ட பாடசாலையாகவே வளர்ந்தது.

வித்தியாதரிசி

1867ஆம் ஆண்டில் வெளிவந்த மோர்கன் குழுவின் அறிக்கையையடுத்து, 1869ஆம் ஆண்டிற் பொதுப் போதனைத் திணைக்களம் நிறுவப்பட்டது. அதன்பின்னர்த் தனியார் பாடசாலைகளுக்கு அரசாங்கம் உதவிநன்கொடை வழங்கலாயிற்று. இங்கிலாந்தில் 1862ஆம் ஆண்டிற் புகுத்தப்பட்ட ‘பெறுபேற்றுக்கேற்ற கொடுப்பனவு’ முறை இங்கும் பின்பற்றப்பட்டது. வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றிற் பிள்ளைகளைச் சோதித்து, தேறியோர் தொகைக்கேற்பப் பணம் வழங்குவதே அம்முறையாகும். சோதிக்க வருபவரை எம்மவர் ‘வித்தியாதரிசி’ என்றழைத்தனர். வித்தையைத் தரிசிப்பவர் என்பதே அச்சொல்லின் பொருள். வகுப்பறையைக் காணும் தொழில் ஓர் உத்தியோகமாகி, அதற்கொரு பெயரும் சம்பளமும் ஏற்பட்டுவிட்டமையை இதனினும் தெளிவாக உணர்த்தும் சொல் பிறிதில்லை.

வித்தியாதரிசி வரும் நாளிற் பாடசாலை வெள்ளையடிக்கப்பட்டதும், வராத பிள்ளைகள் வீடுவீடாகத் தேடிக் கொணரப்பட்டதும், விடைகள் முன்கூட்டியே மனனஞ் செய்விக்கப்பட்டதும் அம்முறை நிலவிய இடமெங்கும் கண்ட காட்சிகளாகும். பணத்துக்காகப் பார்க்கும் பார்வைக்குப் பணத்துக்கான காட்சியே காட்டப்படும் என்னும் உண்மையை அக்காலம் எமக்கு உணர்த்துகின்றது.

இதே காலப்பகுதியிற் பெற்றார்க்குக் கிடைத்தது உரிமையன்று, கடமையே. 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம் பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்புதலைக் கட்டாயமாக்க வழிசெய்தது. அனுப்பாத பெற்றார் தண்டத்துக்கு ஆளாகலாயினர். கட்டாயக் கல்வி ஏழைப் பிள்ளைக்குப் பெருநன்மை புரிந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும், பிள்ளையைப் படலையிற் கொண்டுவந்து விடுமாறு தந்தையைக் கட்டாயப்படுத்திய சட்டம், படலைக்கப்பால் நடப்பதைப் பார்க்க அவனுக்கு எவ்வுரிமையையும் வழங்கவில்லை.

வாங்கு

இதுவரை கூறியவற்றிலிருந்து, பெற்றாரின் பார்வை பறிக்கப்பட்டமையாலேயே தீமை விளைந்தது என்ற முடிவுக்கு வருவோர், யாழ்ப்பாணத்திற் சம ஆசனப் போராட்டத்தை நினைவுகூர்தல் வேண்டும். தாழ்த்தப்பட்டோரென ஒதுக்கப்பட்ட சாதிகளின் பிள்ளைகள், அனுமதிக்கப்பட்ட பாடசாலைகளிலும் நிலத்திலோ, வகுப்புக்கு வெளியிலோ இருத்தப்பட்டனர். உதவிபெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளும் சமமாக வாங்கில் அமர்த்தப்படவேண்டுமெனக் கல்விப் பகுதியினர் வற்புறுத்திய 1929, 1930ஆம் ஆண்டுகளில், உயர்சாதிப் பெற்றாரிற் பலர் கொதித்தெழுந்தனர். பிள்ளைகள் பாடசாலையிலிருந்து மறிக்கப்பட்டனர், மனுக்கள் எழுதப்பட்டன, சில பாடசாலைகள் தீக்கிரையாயின. யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசைச் சேர்ந்த இளைஞர் சம ஆசனத்துக்கு ஆதரவாக நின்றமை அக்கால இருளில் ஓர் ஒளிக்கீற்றாகும்.

அப்பெற்றார் வகுப்பறையை உற்றுப் பார்த்தவர்களே. ஆயின், அவர்கள் பார்த்தது கரும்பலகையை அன்று, வாங்கை. தம் பிள்ளை யாது கற்கின்றான் என்பதிலும், யாருக்குப் பக்கத்தில் இருக்கின்றான் என்பதே அவர்க்குப் பெரிதாயிற்று. அன்று வகுப்பறையின் கதவைப் பெற்றாரின் விருப்பத்துக்கே திறந்துவிட்டிருந்தால், நிலத்திலிருந்த பிள்ளை நிலத்திலேயே இருந்திருப்பான். ஊரின் கண்ணுக்கு எதிராகச் சட்டத்தின் கண் நின்றமையாலேயே அவன் வாங்கிலேறினான். இவ்வுண்மையை மறைத்துவிட்டுப் பெற்றாரின் உரிமை பற்றிப் பேசுவது எமது வரலாற்றுக்குச் செய்யும் அநீதியாகும்.

கொழுந்து மலையில்

பெற்றார் என்னும் சொல்லை நாம் ஒருமைப்படுத்திக் கூறுவதிலும் ஒரு மயக்கம் உண்டு. 1907ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டத் துரைமார்க்கும் தோட்டப் பிள்ளைகளின் கல்விப் பொறுப்பைச் சுமத்தியது. அதன்பின்னர்த் தோட்டந்தோறும் எழுந்த பாடசாலைகள் பெரும்பாலும் ஒற்றை அறையும் ஓராசிரியரும் கொண்டவையாகவே இருந்தன. பல இடங்களிற் பிள்ளைக் காம்பராவுக்கும் பாடசாலைக்கும் வேறுபாடே இருக்கவில்லை. அங்கே சுவருமில்லை, கதவுமில்லை, பார்ப்பதற்குத் தடையுமில்லை. ஆயினும், விடியுமுன் பிரட்டுக்குச் சென்று, பொழுது சாயக் கூடையிறக்கிய தாய் எந்நேரத்தில் வகுப்பறையைப் பார்த்திருத்தல் இயலும்? தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது 1977ஆம் ஆண்டிலேயாகும். அதுவரை அப்பிள்ளைகளின் கல்வியைப் பார்க்கும் அதிகாரம் துரையிடம் இருந்தது. நேரமோ, எழுத்தறிவோ பெற்றாரிடம் இருக்கவில்லை. உரிமையைப் பயன்படுத்த ஓய்வில்லாதவர்க்கு அவ்வுரிமை வெறும் எழுத்தே. பகல் வேளையில் வந்து அமரக்கூடிய பெற்றார்க்கு மட்டும் கதவைத் திறப்பது, ஏற்கெனவே குரலுள்ளவர்க்கு இன்னுமொரு குரலை வழங்குவதாய் முடியும்.

இலவசக் கல்வியும் அதன் பின்பும்

சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் தலைமையிலான விசேட குழு 1943ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின் விளைவாக, 1945ஆம் ஆண்டிற் பாலர் வகுப்பு முதற் பல்கலைக்கழகம்வரை கல்வி இலவசமாயிற்று. தாய்மொழி ஆரம்பக் கல்வியின் மொழியாயிற்று. ஆங்கிலப் பாடசாலையின் வாயிலில் நின்றாலும் பாடம் விளங்காதிருந்த பெற்றார்க்கு, பிள்ளை படிப்பது காதில் விழுந்தாற் கருத்தும் விளங்கும் நிலை உண்டாயிற்று. இப்பல்கலைக்கழகத்திற் கற்கும் எம்மிற் பெரும்பாலானோர் அம்மாற்றத்தின் பிள்ளைகளே. 1960, 1961ஆம் ஆண்டுகளிற் கொண்டுவரப்பட்ட சட்டங்களால் உதவிபெறும் பாடசாலைகளிற் பெரும்பாலானவை அரசாங்கத்தின் கைக்கு மாறியபோது முகாமையாளர் ஆட்சி முடிவுற்றது. முகாமையாளரின் ஒரு வார்த்தையில் வேலையிழக்கும் அச்சத்திலிருந்து ஆசிரியர் விடுபட்டனர். இன்று பெற்றார் வகுப்பறைக்குள் வருவதை ஆசிரியர் விரும்பாமைக்கு, மேற்பார்வை என்பது தண்டனையின் மறுபெயராயிருந்த அந்நீண்ட காலத்தின் நினைவும் ஒரு காரணமெனக் கொள்ளலாம்.

ஆயினும், முகாமையாளர் விலகிய இடத்திற் பெற்றார் அமரவில்லை. பெற்றார் ஆசிரியர் சங்கங்களும், பின்னாளிற் பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களும், 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த பாடசாலை அபிவிருத்திச் சபைகளும் பெற்றாரைப் பாடசாலைக்குள் அழைத்தன என்பது உண்மையே. ஆயின், அவர்கள் பெரும்பாலும் அழைக்கப்பட்டது எதற்கு? கிணறு இறைக்கவும், வேலி அடைக்கவும், கட்டடத்துக்குக் காசு சேர்க்கவும், விளையாட்டுப் போட்டிக்குப் பந்தலிடவுமே. சிரமதானத்துக்கு வகுப்பறையினுள் மண்வெட்டியோடு நுழைந்த தந்தை, பாடவேளையிற் படலைக்கு வெளியே காத்து நின்றார். எமது கிராமப் பாடசாலைகளிற் பல அரைச்சுவர் கொண்டவை. காற்றும் ஒலியும் தாராளமாக வந்துபோகும் அவ்வரைச்சுவரின் மறுபுறத்தில், குடையை ஊன்றிக்கொண்டு மகளுக்காகக் காத்துநின்ற தாய்மாரை நாமனைவரும் கண்டுள்ளோம். ஒருபோதும் அவர்கள் உள்ளே எட்டிப்பார்த்ததில்லை. எட்டிப்பார்ப்பது மரியாதைக் குறைவென அவர்களே எண்ணினர். இருநூறு ஆண்டுகளாகக் கட்டப்பட்ட சுவரின் மறுபாதி, கல்லால் அன்றி மனத்தால் எழுப்பப்பட்டிருந்தது.

2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திற் கொள்ளைநோயாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது அச்சுவர் எதிர்பாராத வகையில் இடிந்தது. கைத்தொலைபேசியின் வழியே ஆசிரியரின் குரல் விறாந்தையிலும் குசினியிலும் ஒலித்தது. பிள்ளைக்குப் பக்கத்திலிருந்து பாடத்தைக் கேட்ட பெற்றாரிற் சிலர், ஆசிரியரின் உழைப்பை முதன்முதலாக அறிந்து வியந்தனர். சிலர் தம் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியாதென்பதை அன்றே கண்டனர். சிலர் பிள்ளைக்குப் பதிலாகத் தாமே விடை சொல்லி வகுப்பைக் குழப்பினர். தொலைபேசியோ, சமிக்ஞையோ இல்லாத வீடுகளுக்கு அத்திண்ணையும் எட்டவில்லை. முன்னைய காலங்கள் அனைத்தினதும் நன்மையும் தீமையும் அச்சில மாதங்களில் ஒருங்கே வெளிப்பட்டன எனலாம்.

முடிவாக

இவ்வரலாறு எமக்குக் கூறுவது யாது? பார்வை என்பது ஒருபோதும் வெறும் பார்வையன்று. பணங்கொடுத்தோனாகப் பார்த்தவன் கொடுத்த பணத்துக்குக் கிடைத்ததைப் பார்த்தான். சாதிமானாகப் பார்த்தவன் வாங்கைப் பார்த்தான். உத்தியோகத்தனாகப் பார்த்தவன் பதிவேட்டைப் பார்த்தான். இன்று ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சையை எண்ணிக்கொண்டு பார்க்கும் பெற்றார் புள்ளியையே பார்க்கக்கூடும். எனவே ‘பெற்றாரை அனுமதிக்கலாமா’ என்று மட்டும் வினவுதல் போதாது. ‘யாராக வரும்படி அவர்களை அழைக்கின்றோம்’ என்றும் வினவுதல் வேண்டும்.

அனுமதிக்கத்தான் வேண்டும் என்பதே இக்கட்டுரையாளரின் துணிபு. பாடசாலைகளில் உடற்றண்டனையைத் தவிர்க்குமாறு 2005ஆம் ஆண்டிற் கல்வி அமைச்சு சுற்றறிக்கை வெளியிட்ட பின்னரும் பிரம்பு முற்றாக மறைந்துவிடவில்லை என்பதை நாமறிவோம். மூடிய அறையில் நிகழ்வதைச் சுற்றறிக்கை பார்ப்பதில்லை. தோலை உரிக்கச் சொன்ன பெற்றாரின் காலம் மாறியுள்ளது. பிள்ளையின் உடலுக்கும் மானத்துக்கும் சட்டம் வகுத்த எல்லையை அறிந்த பெற்றார், அச்சட்டத்தின் சாட்சிகளாக விளங்குதல் கூடும். வகுப்பில் அறுபது பிள்ளைகள் நெருக்கியடித்திருப்பதையும், விஞ்ஞான பாடத்துக்கு ஆசிரியரே இல்லாதிருப்பதையும் தம் கண்ணாற் கண்ட பெற்றார், ஆசிரியர்க்கு எதிராக அன்றி ஆசிரியர்க்காகவும் குரல் கொடுப்பர்.

ஆயின், அவ்வனுமதி ஒழுங்குக்கு உட்பட்டதாதல் வேண்டும். யப்பானின் தொடக்கப் பாடசாலைகளிற் குறித்த நாட்களிற் பெற்றார் வகுப்பின் பின்புறம் நின்று பாடத்தைப் பார்வையிடுவது நெடுநாள் வழக்கமாகும். எவரோ ஒருவரின் முறைப்பாட்டையொட்டி அன்றி, எல்லாப் பெற்றார்க்கும் பொதுவான நாளில் அது நிகழ்வதால், ஆசிரியர் அதனை விசாரணையெனக் கருதுவதில்லை. எமது பாடசாலைகளிலும் தவணைக்கொரு நாளை இவ்வாறு ஒதுக்கலாம். கொழுந்து பறிக்கும் தாய்க்கும் கடலுக்குச் செல்லும் தந்தைக்கும் இயலும் நாளாக அது தெரியப்படல் வேண்டும். தோட்டத்தில் அந்நாட் சம்பளம் வெட்டப்படாதிருத்தலும் வேண்டும். பாடவேளையிற் பெற்றார் பேசாதிருத்தலும், பிறர் பிள்ளையின் குறையை வெளியிற் கூறாதிருத்தலும், யாருக்குப் பக்கத்தில் யார் இருப்பதென்பதில் அவர்க்கு எவ்வித அதிகாரமும் இல்லாதிருத்தலும் எழுதப்பட்ட விதிகளாதல் வேண்டும். இவ்விறுதி விதியை எமது வரலாறே எமக்கு எழுதித் தந்துள்ளது.

கலைப்பீடத்திற் பயிலும் எம்மிற் பலர் நாளை ஆசிரியராகப் பாடசாலைகளுக்குச் செல்லவிருப்பவர். கரும்பலகையின் முன்னே நாம் நிற்கும்போது, பின்வாங்கில் ஒரு தாய் அமர்ந்திருப்பதை நாம் விரும்புவோமா? நேர்மையாகக் கூறுவதாயின், முதல் நாளில் விரும்பமாட்டோம்; கைநடுங்கும். ஆயினும், அவர் அமர்ந்திருக்கும்போது நாம் சொல்லத் தயங்கும் சொல்லும், ஓங்கத் தயங்கும் பிரம்பும், அவர் இல்லாதபோதும் வகுப்பறைக்கு உரியனவல்ல என்பதை அந்நடுக்கம் எமக்கு உணர்த்தும். திண்ணைக்கு நாம் திரும்பிச் செல்லவேண்டியதில்லை. அரைச்சுவர் ஏற்கெனவே இருக்கின்றது. அதன் மறுபுறத்திற் குடையோடு நிற்பவரை உள்ளே வந்து அமருமாறு அழைத்தலே எஞ்சியுள்ளது.